இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால்: இழப்பீட்டு வழக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் புதிதாகக் கையில் எடுக்கும் ஜூனியர் வக்கீல்கள், மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும் என்ற நினைப்பிலேயே வேலையைத் தொடங்குகிறார்கள். எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் சேர்த்து மனுவைத் தட்டச்சு செய்த பிறகுதான், பாலிசி எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருப்பது கண்ணில் படுகிறது. அதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும். வயதைத் தப்பாகப் போட்டது, முகவரி விட்டுப்போனது போன்றவற்றைத் திருத்த மனு போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். அவற்றை விட்டுவிட்டு, பணமே கைக்கு வராமல் செய்துவிடும் தவறுகளைப் பார்ப்போம்.

வண்டியை ஸ்டேஷனிலிருந்து வெளியே போக விடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

விபத்து நடந்ததும் போலீஸ் வண்டியைக் கைப்பற்றி ஸ்டேஷனில் நிறுத்தும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். அது முடிந்த கையோடு உரிமையாளர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வண்டியைத் திருப்பிக் கேட்டு மனு போடுவார். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-வது பிரிவில் வந்தது, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497-வது பிரிவு. அந்த நாட்களில் அடிபட்டவரின் குடும்பம் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருக்கும். கோர்ட்டில் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. சாதாரண ஜாமீன் பத்திரத்தில் வண்டி வெளியே போய்விடும்.

அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். கேட்கும்போது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவேன், விற்க மாட்டேன், உருமாற்ற மாட்டேன், அவ்வளவுதான். இழப்பீட்டுக்கு அதில் ஒரு ரூபாய் பொறுப்பும் இல்லை. சில வருடம் கழித்து, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் எட்டு லட்சம் என்று தீர்ப்புச் சொல்லும். உரிமையாளர் வாடகை வீட்டில் இருப்பார், வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். கையில் தீர்ப்பு நகல் மட்டும் மிஞ்சும்.

இதைத் தடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. டெல்லியில் முன்பே இருந்த விதியை மற்ற மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே அது வந்துவிட்டது. மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டியால் பாதிக்கப்படும் வெளியாருக்கு இழப்பீடு தரும் காப்பீடு, இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கொடுக்கப் போதுமான பிணையை உரிமையாளர் கட்டினால்தான் கோர்ட் அதை விடுவிக்கலாம். கேட்டும் பாலிசி நகலைக் காட்டாதவருக்கும் இதே விதிதான். பிணை கட்டாவிட்டால், வண்டி கைப்பற்றப்பட்டு மூன்று மாதம் முடிந்ததும் மாஜிஸ்திரேட் அதைப் பொது ஏலத்தில் விற்று, 15 நாளுக்குள் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும்.

ஆகவே முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை இவை. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் முதல் விபத்து அறிக்கையின் நகலை வாங்கி, காப்பீட்டு விவரம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால், வண்டிக்குக் காப்பீடு இல்லை என்பதைக் கோர்ட்டுக்குத் தெரிவிக்கும்படி அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்பத்தின் சார்பில் ஆட்சேப மனு போடுங்கள். அதில் சட்டத்தை மட்டும் எழுதினால் போதாது. வயது, மாத வருமானம், இதுவரை ஆன மருத்துவச் செலவு ஆகியவற்றை வைத்து உத்தேச இழப்பீட்டைக் கணக்குப்போட்டு எழுதினால்தான் எவ்வளவு பிணை கேட்பது என்று கோர்ட்டுக்குத் தெரியும். சொந்த ஜாமீனை ஏற்காதீர்கள். வங்கி டெபாசிட் கேளுங்கள், இல்லையென்றால் வில்லங்கச் சான்றோடு சொத்துப் பத்திரம் கேளுங்கள்.

பழைய மொபெட் ஏலத்தில் பெரிதாக எதையும் தராது. லாரி, டிராக்டர், வாடகைக் கார் விஷயம் வேறு. நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்பதால் உரிமையாளர் எப்படியாவது பிணையைப் புரட்டிக்கொண்டு வருவார். வண்டி ஸ்டேஷனில் நிற்கும் வரைதான் அவருக்கு அந்த அவசரம்.

ஆஸ்பத்திரி வாசலில் சமரசம்

வழக்கு வேண்டாம் என்று உரிமையாளர் பத்தாயிரத்தை நீட்டும்போது குடும்பம் கையெழுத்துப் போடுவதற்குக் காரணம் ஆஸ்பத்திரி பில். தமிழ்நாட்டு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இருக்கிறது. 2025 மே மாதம் வந்த மத்திய திட்டத்தில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சை பெறலாம். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று முதலில் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், மேலே சொன்ன எதுவும் தொடங்கவே தொடங்காது.

ஆப்பில் பார்த்ததோடு நிறுத்துவது

வண்டி விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் இருக்கும் காப்பீட்டுத் தேதி விசாரிக்க ஒரு தொடக்கம்தான். பாலிசி எண்ணை வைத்துக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பாலிசியில் நாளோடு நேரத்தையும் பாருங்கள். மாலையில் மோதிவிட்டு இரவில் ஆன்லைனில் எடுத்த பாலிசி அந்த விபத்துக்குச் செல்லாது. பிரீமியத்துக்குக் கொடுத்த செக் திரும்பியிருந்தால் இன்னொரு கேள்வி வரும். விபத்துக்கு முன்பே கம்பெனி பாலிசியை ரத்துசெய்து உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டதா? தெரிவிக்கவில்லை என்றால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாக வேண்டும்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை விட்டுவிடுவது

"வித்து ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்று அவர் சொல்வார். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல கை மாறிய ஒரு வண்டியின் வழக்கில், பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஓட்டியவர், வைத்திருந்தவர், ஆர்.சி.க்காரர் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். சொத்து யாரிடம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரியவரும்.

கம்பெனி கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்ளட்டும் என்று கேட்பது

'பே அண்ட் ரெக்கவர்' உத்தரவு, பாலிசி இருந்து நிபந்தனை மீறப்பட்டிருந்தால் மட்டும்.

ஹிட் அண்ட் ரன் நிதிக்கு விண்ணப்பிப்பது

மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். வண்டி எது என்றே தெரியாதபோதுதான் அது கிடைக்கும். வண்டி தெரிந்து, இன்சூரன்ஸ் மட்டும் இல்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவைப் பாருங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உரிமையாளரிடமே கேட்கலாம்.

வண்டி வைத்திருப்பவர்கள் செய்வது

மூன்றாம் நபர் காப்பீட்டுக்குச் சலுகை நாள் கிடையாது. 90 நாள் என்று சொல்வது நோ கிளெய்ம் போனஸுக்கு, அதாவது கிளெய்ம் கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடிக்கு.

அபராதம் கட்டிய ரசீதும் காப்பீடு ஆகாது. 196-வது பிரிவில் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய். 75 முதல் 150 சிசி வரையான பைக்குக்கு 2022-இல் நிர்ணயித்த ஓராண்டு மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. சாலைச் சோதனையில் இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காக மட்டும் 207-வது பிரிவில் வண்டியைப் பிடித்துவைக்க முடியாது. லைசென்ஸ், பதிவு, பர்மிட் இல்லாதவைதான் அந்தப் பிரிவில் வருகின்றன. அதனால் அபராதம் கட்டிய அதே வண்டி, காப்பீடு இல்லாமலே அன்று மாலையும் சாலையில் ஓடுகிறது.

ஆறு மாதம்

அதே சட்டத்தின் 166(3)-இன்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்து வழக்கு நடக்கிறது என்பதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

தீர்ப்போடு வழக்குக் கட்டை மூடிவைப்பது

உரிமையாளர் கட்டாவிட்டால் 174-வது பிரிவில் அதே தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பும். நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் அவர் வசூலிக்க வேண்டும். மனுவில் சொத்தின் சர்வே எண், கிராமம், வட்டம் மூன்றும் இருக்கட்டும். அவை இல்லாமல் போகும் சான்று தாலுகா ஆபீஸில் அப்படியே கிடக்கும்.