உறைமோர ஃப்ரீசர்ல வைக்கிறீங்களா? இந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க

மூணு வாரம் ஊருக்குப் போயிட்டு சிங்கப்பூர்ல ஈசூன் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசர்ல இருந்த உறைய எடுத்து பால்ல விட்டேன், காலையில பாத்தா கரண்டிய சாச்சா பாலாவே ஒழுகுது. பக்கத்து ப்ளாக் அக்கா கடை யோகர்ட்ல ஆரம்பிச்சு எனக்குக் கொடுத்த உறை அது, நாலு வருஷமா விடாம ஓட்டிட்டு இருந்தேன், மனசே ஆறல.

குளிர்ல செத்துப்போச்சுனு சொல்லிடுவாங்க, ஆனா குளிர் மட்டும் காரணமில்லங்க, பாக்டீரியாவ எந்த நிலைமையில உள்ள தள்ளுனோம்ங்கறதுதான் பெரிய விஷயம். வேகமா பெருகிட்டு இருக்கறப்போ அதுங்க ரொம்ப மென்மையா இருக்கும், பெருகுறது நிக்கிற சமயத்துலதான் தன்னைக் காப்பாத்திக்கிற புரதங்கள உண்டாக்கி செல்லோட சவ்வையும் மாத்திக்கும். அதுக்காக நம்ம ஊர் 31 டிகிரி வெக்கையில ராத்திரி முழுக்க வெளிய விட்டா புளிச்சு புளிச்சு அந்த அமிலமே அதுங்கள வாட்டிடும். நான் பண்ணது அதேதான். தயிர் நல்லா கெட்டியான உடனே எடுத்துடணும். சூடா இருக்கறத நேரா ஃப்ரீசர்ல போடவும் வேணாம், லேப்லயே கொஞ்சம் குறைஞ்ச சூட்டுல சில மணிநேரம் பழக்கிட்டுதான் உறைய வைப்பாங்க, அப்பத்தான் தாங்குது.

அடுத்த தப்பு, உறைய ஒரே பெரிய டப்பாவுல வைக்கறது. மெதுவா உறைஞ்சா ஐஸ் பெரிய பெரிய படிகமா வளந்து செல்லக் கிழிச்சிடும், அதனால ஐஸ் ட்ரேல குட்டிக் குட்டியா ஊத்துங்க, மேல தெளியுற தண்ணிய வடிச்சிட்டு ஸ்கிம் மில்க் பவுடர், துளி சர்க்கரை சேத்துக் கலக்குனா அதுங்களுக்கு ஒரு போர்வை மாதிரி. ஃப்ரீசர் கதவுப் பக்கம் வைக்காதீங்க, திறக்கத் திறக்க இளகி மறுபடி உறையும், அதத்தான் பாக்டீரியா தாங்காது. ஒருதடவ இளகுனத திரும்ப உள்ள வைக்கவே வைக்காதீங்க.

எடுக்கறப்போ பால் 42 டிகிரி கிட்ட, விரல வச்சா இதமா இருக்கணும், கொதிக்கிற பால்ல போட்டா மிச்சம் இருக்கறதும் போயிடும். உறை கொஞ்சம் கூடவே விடுங்க, அடிபட்ட செல் எழுந்திரிக்க நேரமெடுக்கும்.

இன்னொண்ணு, யோகர்ட்ல முக்கியமா ரெண்டு வகை பாக்டீரியா, அதுல லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ்தான் உறைய வச்சா அதிகமா அடிபடும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் கொஞ்சம் தாங்கும். அதனால முதல் தயிர் புளிப்பே இல்லாம வந்தா, வாடை நிறம் எல்லாம் சரியா இருக்கறப்போ தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல இருந்தே உறை எடுத்து இன்னும் ரெண்டு தடவ ஓட்டிப் பாருங்க.