மீனைக் கண்டதும் பாண்டியன் என்னாதீர்கள்: பழங்காசு பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்து ஆள் கையில் பழங்காசு ஒன்றைக் கொடுத்தால் முதலில் மீனைத்தான் தேடுவார். மீன் தென்பட்டுவிட்டால் 'சங்க காலப் பாண்டியன் காசு' என்று முடிவே கட்டிவிடுவார். ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் பாண்டிய நாட்டை வென்ற சோழர்களும் தங்கள் காசில் புலியின் அருகே மீனை வைத்தார்கள். உத்தம சோழன் காசில் இதைக் காணலாம். பிற்காலத்தில் மதுரை நாயக்கர்களும் மீனை விடவில்லை.

சங்க காலப் பாண்டியர் காசில் மீனுக்குச் செதிளும் கண்ணும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே மீன் என்பது சில கோடுகள்தான். பெரும்பாலும் சதுரமான செப்புக் காசு. ஒரு பக்கம் யானை, மறு பக்கம் இந்தக் கோட்டு மீன். யானையை மட்டும் நம்புவதும் தவறு. சேரர் காசிலும் சோழர் காசிலும் யானை உண்டு. திருப்பிப் பார்த்தால்தான் வில்லா, புலியா, மீனா என்று தெரியும். பழந்தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று பெயர் பொறித்த பாண்டியர் காசிலோ யானைக்குப் பதில் குதிரை நிற்கிறது.

கிடைத்த இடத்தை வைத்துக் காலம் சொல்வது அடுத்த அவசரம். கீழடியை அடுத்த அகரத்தில் 2020 அகழாய்வில் ஒரு பொடித் தங்கக் காசு கிடைத்தது. அது 'வீரராயன் பணம்' எனப்படும் காசு வகை, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய ஊர் மண்ணில் பிற்காலக் காசும் விழத்தானே செய்யும்?

சாமி விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ராஜராஜ சோழனின் செப்புக் காசில் கைகால் குச்சிபோல வளைந்து நிற்கும் உருவத்தைப் பலர் அனுமார் என்கிறார்கள். அது அரசன். மறுபக்கம் அமர்ந்திருக்கும் உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்றிருக்கும். அதைப் படிக்காமல் விடக் கூடாது, ஏனென்றால் இதே அமைப்பில் இலங்கை மன்னர்களும் காசு அடித்திருக்கிறார்கள். அனுமார் வேண்டுமென்றால் விஜயநகரத்து முதலாம் புக்கர் காசைத் தேடுங்கள்.

ரோமானிய வெள்ளிக் காசில் கிளை ஏந்தி அமர்ந்திருக்கும் பெண் லட்சுமியும் அல்ல, மீனாட்சியும் அல்ல. ஒரு பக்கம் பேரரசர் திபேரியசின் தலை இருந்தால், அவளும் ரோமாபுரியிலிருந்து வந்தவள்தான். தங்கக் காசில் பேரரசர் முகத்தின் குறுக்கே ஆழமான வெட்டு இருந்தால் கலப்பை பட்டது என்று எண்ணவேண்டாம். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவை இப்படி உளியால் வெட்டப்பட்டவை. மறுபடி நாணயமாகச் செல்லக் கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், '1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா' என்று மறுபக்கம் இருப்பதை லட்சக்கணக்கில் விலை பேசுவார்கள். அது புழக்கத்தில் இருந்த காசே அல்ல. அதற்காகக் கம்பெனி சாமி உருவமே போடவில்லை என்று வாதாடாதீர்கள். சென்னையில் கம்பெனி அடித்த 'பகோடா' என்ற தங்கக் காசுகளில் பெருமாள் இரு தேவியரோடு நின்றார். 'அரிசியை இழுக்கும் அதிசயக் காசு' என்று ஏமாற்ற யாராவது வந்தால் பேச்சுக் கொடுக்காமல் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

புளி போட்டுத் தேய்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குத்துவிளக்குக்கு நல்லது, செப்புக் காசுக்கு அல்ல. மேலே படிந்த பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். பளபளக்கும் வெறும் தகடுதான் மிஞ்சும். சுத்தம் செய்வதை அருங்காட்சியகத்தார் பொறுப்பில் விடுங்கள்.

வயலிலோ அஸ்திவாரக் குழியிலோ காசு கிடைத்தால் ஒளித்து வைக்காதீர்கள். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைய பத்து ரூபாய்க் கணக்கு இன்றும் மாறவில்லை. எத்தனை அடி ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள். பானையில் இருந்திருந்தால் உடைந்த பானை ஓடுகளையும் சேர்த்து ஒப்படையுங்கள்.