வேர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கும் ஈ.ஐ. உண்டு

கனடாவில் சம்பளத் துண்டைப் பார்த்தால் வரிக்குப் பக்கத்தில் ஈ.ஐ. என்று ஒரு வெட்டு இருக்கும். வேலை போனால் கிழமைக் காசு தரும் வேலைக் காப்புறுதிக்கான வெட்டு அது. 2025இல் கியூபெக்குக்கு வெளியே அது நூறு டொலருக்கு ஒரு டொலர் 64 சதம். பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைத்தவரா, வேர்க் பெர்மிட்டில் (தற்காலிக வேலை அனுமதியில்) இருப்பவரா என்று பார்த்து அந்தக் காசை எடுப்பதில்லை. ஆனால் வேலை போனவுடன் "பெர்மிட்டில் இருக்கிற உனக்கு எங்கே ஈ.ஐ.?" என்று சொல்ல மட்டும் நாலு பேர் வந்துவிடுவார்கள்.

எனக்குச் சொன்னவர் இருபது வருடமாக இங்கே இருக்கும் ஓர் அண்ணர். ஸ்காபரோவில் ஒரு பேக்கரி பக்டரி, இரவு ஷிப்ட். வேலை இல்லை என்ற லே ஓஃப் கடிதத்தை வாங்கிக்கொண்டு நான் லொக்கரில் இருந்து சப்பாத்தை எடுக்கும்போது சொன்னார். நம்பிப் பேசாமல் இருந்துவிட்டேன். ஆறாவது கிழமை வேறொரு அலுவலாக, ஈ.ஐ.யைப் பார்க்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கடைசி வேலை நாளில் இருந்து நான்கு கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிந்தியதற்கு "தெரியாது" என்ற காரணம் எடுபடவில்லை. போன கிழமைகள் போனவைதான்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? உங்கள் பிழை இல்லாமல் வேலை போயிருக்க வேண்டும். தகுந்த காரணமின்றி நீங்களே விட்டாலோ, ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினாலோ கிடைக்காது. அதற்குப் பிறகு எல்லாம் இரண்டு கேள்விகளில் நிற்கிறது: மணித்தியாலம் காணுமா? நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டால் போக முடியுமா?

மணித்தியாலக் கணக்கு பி.ஆர். காரருக்கும் பெர்மிட்காரருக்கும் ஒன்றுதான். கடைசி 52 கிழமைகளுக்குள், அல்லது முந்தைய கோரிக்கைக்குப் பிறகு, 420 முதல் 700 மணித்தியாலம் வரை வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் பகுதியில் வேலையின்மை எவ்வளவு கூடவோ அவ்வளவு குறைவான மணி போதும். கிழமைக்கு 40 மணி செய்பவருக்கு 700 மணி என்பது பதினேழரைக் கிழமை. புதிதாக வந்தவருக்கு 910 மணி வேண்டும் என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. அந்த விதியை 2016 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்.

இதில் நம்மவர்கள் அடிபடும் இடம், பதிவில்லாமல் கையில் காசு வாங்கிச் செய்யும் வேலை. கடையிலோ உணவகத்திலோ ஆறு மாதம் நின்றாலும், சம்பளம் கடித உறையில் வந்திருந்தால் ஒரு மணிகூடப் பதிவில் இராது. மச்சானின் கடையில் முறையாகச் சம்பளம் வாங்கினாலும் கேள்வி வரலாம். சொந்தக்காரரிடம் செய்யும் வேலை, வெளி ஆளுக்குக் கொடுப்பது போன்ற நிபந்தனைகளில் நடந்ததா என்று பார்ப்பார்கள். சுயதொழில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ட்ரக் ஓடுபவருக்கும், செயலி மூலம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் பொதுவாக இந்தக் கணக்கே இல்லை. இலங்கையிலோ வளைகுடாவிலோ செய்த வேலையும் சேராது. ஆகவே நேற்றுத் தரையிறங்கிய பி.ஆர். காரர் இன்று போய்க் கேட்க முடியாது. ஒரு வருடம் உழைத்த பெர்மிட்காரர் கேட்கலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் பெர்மிட் வருகிறது. உங்கள் பெர்மிட் தாளை எடுத்து நிபந்தனைகள் எழுதியிருக்கும் பகுதியைப் பாருங்கள். முதலாளி பெயர் எதுவும் இல்லையென்றால் அது ஓப்பன் பெர்மிட். படிப்பு முடித்து எடுத்தது, துணைவருக்குக் கிடைத்தது, அகதிக் கோரிக்கை வைத்தவருக்குக் கிடைத்தது எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. திகதி முடியாமல் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. வேலை தேடுவதைக் காட்டினால் போதும்.

ஒரு கம்பனியின் பெயர் மட்டும் இருந்தால் அது குளோஸ்ட் பெர்மிட். அதற்காகக் கதவைச் சாத்துவதில்லை, ஆனால் கேள்வி கூடும். அந்தக் கம்பனி வேலை இல்லை என்கிறது, வேறு இடத்தில் செய்ய அனுமதியும் இல்லை. பிறகு எப்படி வேலைக்குத் தயார் என்கிறீர்கள் என்று அதிகாரி கேட்பார். பதிலைத் தாளில் வைத்திருங்கள்: எந்த எந்த இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள், புது முதலாளி யாராவது கடிதம் தந்தாரா, புதுப் பெர்மிட்டுக்குப் போட்ட ரசீது. புதுப் பெர்மிட் வருமுன்னே புது இடத்தில் தொடங்க அனுமதி கேட்கும் தற்காலிக ஏற்பாடு ஒன்று 2020 மே மாதம் வந்தது. நீங்கள் கேட்கும் நாளில் அது நடைமுறையில் உள்ளதா என்று குடிவரவுத் துறைத் தளத்தில் பாருங்கள். முதலாளி துன்புறுத்தியதால் வெளியேறியவர்களுக்கென்று தனியாக ஓர் ஓப்பன் பெர்மிட் 2019 முதல் இருக்கிறது. துன்புறுத்தல் காரணமாக வேலையை விட்டது தகுந்த காரணமாகவும் எடுக்கப்படலாம். ஆதாரத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். வட்ஸ்அப் செய்தியும் ஆதாரம்தான்.

பெர்மிட்காரருக்குக் கிடைக்கும், 9இல் தொடங்கும் சின் நம்பருக்கு (சமூகக் காப்புறுதி இலக்கத்துக்கு) காலாவதித் திகதி உண்டு. பெர்மிட்டைப் புதுப்பித்தால் அதையும் புதுப்பிக்க வேண்டும். பலர் மறப்பது இது. பி.ஆர். வந்தவுடன் வேறு நம்பர் கிடைக்கும். பழைய நம்பரில் உழைத்த மணியும் உங்களுடையதுதான், விண்ணப்பிக்கும்போது இரண்டையும் சொல்லுங்கள்.

ஆர்.ஓ.ஈ. என்னும் வேலைப் பதிவை முதலாளி அனுப்ப வேண்டும். அநேகமாக நேரே இணையம் வழியாகவே சேர்விஸ் கனடாவுக்குப் போய்விடும். அது வரும் என்று காத்திருக்க வேண்டாம், வேலை போன கிழமையிலேயே விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அறிக்கை கொடுக்க வேண்டும். இடையில் நாலு மணி வேலை செய்திருந்தாலும் அதில் சொல்லிவிடுங்கள். பொதுவாக உழைத்த டொலருக்கு 50 சதம் வெட்டி மீதியைத் தருவார்கள். மறைத்துப் பிடிபட்டால் எடுத்ததைத் திருப்பிக் கட்டி, தண்டமும் கட்ட வேண்டிவரும்.

எவ்வளவு வரும்? சராசரிக் கிழமைச் சம்பளத்தில் 55 வீதம். கிழமைக்கு 800 டொலர் எடுத்தவருக்கு 440. 2025இல் உச்சம் 695. அதிலும் வரி உண்டு. வழக்கமாக முதல் கிழமைக்குப் பணம் இல்லை. பிறகு மணியையும் பகுதியையும் பொறுத்து 14 முதல் 45 கிழமை.

ஊருக்குப் போவதென்றால் கவனம். கனடாவுக்கு வெளியே நிற்கும் நாட்களுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. தாய் தகப்பனின் செத்தவீடு போன்றவற்றுக்குத் தொடர்ந்து ஏழு நாள் வரை விடுவார்கள். 31ஆம் நாள் அந்தியேட்டி முடித்துத்தான் வருவேன் என்றால் மிச்ச நாட்களை மறந்துவிடுங்கள். போவதையும் வருவதையும் அறிக்கையில் எழுதுங்கள், எல்லைப் பதிவை அவர்கள் பார்ப்பார்கள்.

வருத்தம் (நோய்), பிள்ளைப்பேறு என்றால் கணக்கு வேறு: 600 மணி வேண்டும். வருத்தத்துக்கு 26 கிழமை வரை, தாய்க்கு 15 கிழமை, அதன்பின் பெற்றோர் விடுப்பு. பெர்மிட்டில் இருக்கும் தாய்க்கும் இது உண்டு.

இல்லை என்று கடிதம் வந்தால் 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். முதலாளி எழுதிய காரணம் பிழையாக இருந்தால் அதை மறுக்க வேண்டிய இடமும் இதுதான்.

கடைசியாக, பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்க ஸ்பொன்சர் பண்ணும் யோசனையில் இருப்பவர்களுக்கு. ஈ.ஐ. வெல்ஃபேர் (அரச உதவிப் பணம்) அல்ல, எடுத்ததால் உங்கள் கோப்பில் கறை விழாது. ஆனால் ஸ்பொன்சர் வருமானக் கணக்கில் சாதாரண ஈ.ஐ. பணத்தைச் சேர்க்க மாட்டார்கள். பிள்ளைப்பேறு, வருத்தம் போன்றவற்றுக்கு வந்த பணத்தைச் சேர்ப்பார்கள்.