வெள்ளம் வடிந்த பிறகு ஏரியில் செய்யக் கூடாதவை

கடந்த வடகிழக்குப் பருவமழையில், ஒரு பெரிய மழை ஓய்ந்த மூன்றாம் நாள், செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். ஏரிகளைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மழை விட்டால் கால் தானாக ஏதாவது ஒரு கரைக்குப் போய்விடுகிறது. உபரி நீர் வெளியேறும் கலிங்கின் ஷட்டர்கள் எல்லாம் முழுதாகத் தூக்கியிருந்தன. வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன உதவிப் பொறியாளர் ஒருவர் நின்றிருந்தார். "அடுத்த காற்றழுத்தம் வருதாம் சார். அதுக்குள்ள நாலு அடி எறக்கிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

நான் இளைஞனாக இருந்தபோது என் முதல் ஏரியில் நின்று சொன்ன வார்த்தையும் இதேதான். அன்றைக்கு நான் செய்த தவறால் ஓர் ஊருக்கே ஒரு போகம் போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். கரையில் ஆள் போடாமல் விடுவது, ஷட்டருக்கு கிரீஸ் போடாமல் விடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

மழை விட்டதும் ஷட்டரை இறக்கி மூடுவது

வானம் வெளுத்ததும் ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது ஏரிப் பாசனத்தை நம்பியிருப்பவர்கள், வந்து நிற்பார்கள். தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்ற அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நம் ஏரிகள் தனித்தனியாக இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்து கிடப்பவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் அவற்றின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் வருகிறது. உங்கள் ஊரில் வெயில் அடிக்கும்போது மேலே உள்ள ஏரி அப்போதுதான் நிரம்பி வழிந்து கோடி போக ஆரம்பித்திருக்கும். அங்கே ஒரு கரை உடைந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து வரும். ஷட்டரைத் தொடுவதற்கு முன் மேல் ஏரிகளின் லஸ்கர்களுக்கு, அதாவது கரையையும் ஷட்டரையும் கவனிக்கும் பணியாளர்களுக்கு, போன் செய்யுங்கள். வரத்து குறைகிறது என்று மூன்று மணி நேர அளவுகள் காட்டிய பிறகு, ஒவ்வொரு ஷட்டராக இறக்கலாம்.

அடிக்கணக்கை மட்டும் பார்ப்பது

ஏரி ஒரு தொட்டி இல்லை, தாம்பாளம் மாதிரி. மேலே போகப்போக அகலம். அடியில் இருக்கும் ஓர் அடித் தண்ணீரும் மேலே இருக்கும் ஓர் அடித் தண்ணீரும் ஒன்றல்ல.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. கடைசி இரண்டு அடியில் மட்டும் ஏறக்குறைய 500 மில்லியன் கன அடி இருக்கிறது. இரண்டு அடி இடம் வைத்திருக்கிறோம் என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். வினாடிக்கு 29,000 கன அடி உள்ளே வந்தால் அந்த இடம் ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். 29,000 என்பது கற்பனை எண் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று இரவு அந்த ஏரியிலிருந்து அடையாற்றுக்குப் போன அளவு அது. அதன்பிறகு வந்த மழைக்காலங்களில் 21, 22 அடியை எட்டியதுமே திறந்துவிடுவது வழக்கமாயிற்று. 2020 நவம்பர் 25, நிவர் புயல் வந்த நாளில், 22 அடியை நெருங்கியதும் முதலில் வினாடிக்கு 1,000 கன அடிதான் திறந்தார்கள். அப்புறம் படிப்படியாகக் கூட்டினார்கள். அதுதான் சரியான முறை.

மனத்தில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். வினாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. இதை வைத்து வரத்து, வெளியேற்றம், மிச்சம் எல்லாவற்றையும் கரையில் நின்றபடியே போட்டுப் பார்க்கலாம்.

நிரம்பிய ஏரியைச் சரசரவென இறக்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

என் முதல் ஏரியின் நீர்ப்பரப்பு சுமார் 500 ஏக்கர். மூன்று நாள் மழையில் முழுதாக நிரம்பிக் கோடி போனது. மழை விட்டது. இன்னொரு புயல் வரும் என்று வானொலியில் சொன்னார்கள். எனக்கு பயம். கரை உடைந்தால் கீழே இரண்டு ஊர். இருக்கிற ஷட்டர் எல்லாவற்றையும் தூக்கச் சொன்னேன். பாசன மதகுகளையும் திறந்துவிட்டேன்.

அந்த ஏரியின் லஸ்கருக்கு அப்போதே ஐம்பது வயதுக்கு மேல். அவர் அப்பாவும் அதே கரையில் இருந்தவர். "சார், கரை மூணு நாளா ஊறிக் கெடக்குது. இப்பப் போயி தண்ணிய உருவக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு சாண் எறக்குங்க, போதும்" என்றார். "புயல் வந்தா யாருண்ணே பதில் சொல்றது?" என்று கேட்டேன். அவர் மேலே எதுவும் பேசவில்லை.

மறுநாள் மாலைக்குள் ஏரி கிட்டத்தட்ட நாலு அடி இறங்கியிருந்தது. 500 ஏக்கர் பரப்பில் வினாடிக்கு 1,000 கன அடி போனால் ஒரு நாளைக்கு நாலு அடி இறங்கும். கணக்கு சரியாகவே இருந்தது. கரையைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று இரவு கரையின் மேல் நீளவாக்கில், விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. விடிவதற்குள் அறுபது அடி நீளத்துக்கு கரையின் தண்ணீர்ப் பக்கச் சரிவான உள்சரிவு, அலை அரிக்காமல் பதித்த அலைகல்லோடு பெயர்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. வெள்ளத்தில் மூன்று நாள் அசையாமல் நின்ற கரை, வெள்ளம் போன பிறகு சரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் கரையில் வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஏரி நிரம்பி நிற்கும்போது தண்ணீர் மண்கரைக்குள் புகுந்து ஊறுகிறது. அதே நேரம் வெளியே நிற்கும் ஏரித் தண்ணீர் உள்சரிவின்மேல் சாய்ந்து அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஏரியை நாம் ஒரே நாளில் இறக்கினால் அந்தத் தாங்கல் போய்விடும். ஆனால் களிமண்ணுக்குள் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக வெளியேறாது. உள்ளே இருந்து அது தள்ளும், மண்ணும் ஊறி கனத்திருக்கும், எதிரே தாங்க ஒன்றும் இருக்காது. சரிவு தன் எடையிலேயே கீழே இறங்கும். கரை எவ்வளவு களியாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. மணல் கலந்த கரையில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், அங்கே கொஞ்சம் வேகமாகப் போகலாம். மேட்டூர் போன்ற கல்கட்டு அணையில் இந்தக் கவலையே வேறு. செம்பரம்பாக்கம் மாதிரி கிலோமீட்டர் கணக்கில் மண்கரை உள்ள ஏரிகளில் இது எப்போதும் உண்டு.

சின்ன ஏரிகளுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணை, 1967இல் முடிந்த பிரமாண்டமான மண் அணை. 1981இல் 120 நாளில் 180 அடி தண்ணீரை இறக்கினார்கள். நாளுக்கு ஒன்றரை அடிதான் வருகிறது. அந்தச் செப்டம்பரில் உள்சரிவில் சுமார் 1,100 அடி நீளத்துக்கு மண் சரிந்தது. நாளுக்கு எத்தனை அடி என்பது மட்டும் போதாது, மொத்தம் எவ்வளவு இறக்குகிறோம், அடியில் என்ன மண் இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டும்.

என் ஏரியில் அப்புறம் நடந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது. சரிந்த இடத்தைச் சரிசெய்ய ஏரியை அடிவரை இறக்க வேண்டியதாயிற்று. அந்தத் தண்ணீரை நம்பித்தான் நவரை நெல் போகத்துக்கு நாற்று விடக் காத்திருந்தார்கள். நவரை போயிற்று. நான் பயந்த புயல் ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்து, கோபப்படாமல், "ஏரி ரொம்பி இருந்துச்சே சாமி, எங்க போச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்றைய பிள்ளைகள் அதையே செய்யும்போது எரிச்சல் வருகிறது என்றால், இப்போது வானிலை முன்னறிவிப்பு கையிலேயே இருக்கிறது என்பதால்தான். இறக்க வேண்டிய நேரம் வெள்ளத்துக்கு முன். கரை இன்னும் ஊறாமல் இருக்கும்போது, நாலைந்து நாள் முன்பே மெதுவாக இறக்கி இடம் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு இறக்கத்தான் வேண்டும் என்றால் நான் கடைப்பிடித்தது இதுதான்: களிமண் கரையில் நாளுக்கு அரை அடி, மற்றதில் ஒரு சாண் (முக்கால் அடி), எதிலும் ஓர் அடிக்கு மேல் இல்லை. கரையின் மேல் நூறு அடிக்கு ஒன்றாக முளைக்குச்சி அடித்து, கயிறு நேராக இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். ஒரு முளை விலகினாலும் ஷட்டரை இறக்கி வெளியேற்றத்தைக் குறைக்க வேண்டும். வெடிப்பு கண்ணில் பட்டால் உடனே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழைத்தண்ணீர் அதற்குள் போனால் சரிவு நிச்சயம்.

ஒன்றே ஒன்றுதான் விதிவிலக்கு. கரை ஏற்கெனவே உடையப் போகிறது, வெளிப்புறத்தில் மண் கரைந்து வருகிறது என்றால் உள்சரிவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அப்போது தண்ணீரை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக எடுங்கள், கீழே உள்ள ஊர்களுக்குச் சொல்லிவிட்டு. பயம் என்பது வேறு, கண்ணால் பார்த்த ஆபத்து வேறு. அன்று எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

கசிவை வெளிப்புறத்தில் களிமண் போட்டு அடைப்பது

அடைக்காதீர்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் அளந்து குறித்துக்கொண்டு கவனியுங்கள். கலங்கிய தண்ணீர் வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சுற்றி மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே முதலில் மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வெளியே வரட்டும், மண் உள்ளேயே நிற்கட்டும். வெளிவாயை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும்.

திறந்த பிறகு சொல்வது

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஒவ்வொரு ஏரிக்கும் இப்படி ஓர் அளவு முன்கூட்டியே இருக்க வேண்டும். அது கீழே உள்ள ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி போனது. அந்த அளவு தண்ணீர் தென்பெண்ணையில் வரும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு முந்தைய மாலையே தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன் என்பது தகவல் சொன்னதாகாது. தண்டோராவோ, ஆட்டோவில் மைக்கோ, கோவில் ஒலிபெருக்கியோ, ஏதோ ஒன்று தெருவில் கேட்க வேண்டும்.

கலிங்கின் மேல் மூட்டை அடுக்கிக் கூடுதலாகத் தேக்குவது

கூடவே கூடாது.

அலையடிக்கும்போது அளவு எடுப்பது

காற்று அடங்கட்டும். முடியாவிட்டால் மூன்று முறை பாருங்கள்.

பதிவேட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது

என் முதல் ஏரியில், அந்த இரவில் நான் ஷட்டரை எத்தனை அங்குலம், எத்தனை மணிக்குத் தூக்கினேன் என்று எழுதி வைக்கவில்லை. சரிவு எப்போது தொடங்கியிருக்கும் என்று மேலதிகாரிகள் கேட்டபோது லஸ்கர்தான் தன் சட்டைப் பையில் இருந்த பீடிக் கட்டு அட்டையை எடுத்தார். மணிக்கு ஒரு அளவாக, விடிய விடிய, பென்சிலில் எழுதியிருந்தார்.