புலம்பெயர்வை நிகழ்த்திக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக் கரகரப்பது, நேரத்துக்குத் தொடங்காதது எல்லாம் இரண்டாவது முறை தானாகச் சரியாகிவிடும். ஆனால் மதுரையில் புலம்பெயர்வு, அடையாளம் என்று நிகழ்த்துகலை (கலைஞர் தன் உடம்பையே ஊடகமாக்கிப் பார்வையாளர் முன் செய்வது) செய்ய வருகிற இளைஞர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். அதனால்தான் இது.

பெட்டி, படகு, முள்வேலி

எல்லோரும் கையாண்டு தேய்ந்துபோன படிமங்கள். கொஞ்ச காலம் தொடாதீர்கள்.

எல்லோரையும் யாழ்ப்பாணத்தவர் ஆக்குவது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பாட்டியாக நடிக்கிற பெண் ‘என்னெண்டு கதைக்கிறது’ என்று யாழ்ப்பாணப் பேச்சில் தொடங்குகிறார். அந்தப் பாட்டியின் முன்னோர் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிப் பக்கமிருந்து போனவர்கள். அவர்கள் பேச்சு வேறு. இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அந்தத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அதன்படி வந்தவர்கள் இந்தியக் குடியுரிமையோடு தாயகம் திரும்பியவர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் அகதிகள், அவர்களிலும் மலையகத்தார் உண்டு. கொடைக்கானலில் குடியேறிய தாயகம் திரும்பியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், உங்கள் முதல் வசனத்திலேயே எழுந்து போய்விடுவார்.

முகாம்காரர்களைக் கூட்டிவந்து உட்கார வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மதுரையைச் சுற்றியே இலங்கை அகதி முகாம்கள் இருக்கின்றன. ஒரு குழு, முகாமில் பிறந்து வளர்ந்த பெண் ஒருவரை அழைத்து வந்தது. அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, வருகிறவர்கள் அவர் கையில் தங்கள் சொந்த ஊரின் பெயரை மார்க்கரால் எழுத வேண்டும். யோசனை மோசமில்லை, பார்த்தவர்கள் கண் கலங்கவும் செய்தார்கள். அன்று ராத்திரியே அவர் முகம் பளிச்சென்று தெரிகிற வீடியோ இன்ஸ்டாகிராமில் ஏறியது. கீழே முகாமின் பெயர் வேறு! அடுத்த வாரம் விசாரிக்க ஆள் வந்தது. யாரிடம் சொல்லிவிட்டுப் போனாய், யார் கூட்டிப் போனது என்று ஆயிரம் கேள்வி. அவர் அப்பா பெயின்டிங் வேலையை விட்டுவிட்டு அலைந்தார். குழுவோ அதே வீடியோவை இணைத்து அடுத்த விழாவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தது.

1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. முகம் வெளியே தெரிந்தால் உங்களுக்கு அழைப்பு வரும், அவருக்கு விசாரணை வரும். ‘விளிம்புநிலைக் குரல்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்று திட்டக் குறிப்பில் எழுதும்போது, அந்த வெளிச்சம் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்றும் யோசியுங்கள்.

அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர் ஜேம்ஸ் லூனா 1987இல் சான் டியேகோ அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தானே படுத்துக்கொண்டார். தன் உடம்புத் தழும்புகளுக்குத்தான் விளக்கச் சீட்டு வைத்தார். நீங்கள் அந்த முகாமைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறவர். அந்தக் கதையில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதை நிகழ்த்துங்கள். முகாம்காரர் தாமாகவே செய்ய விரும்பினால், கேமரா வேண்டுமா, முகம் தெரிய வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சம்பளம் கொடுங்கள். வீடியோவை நீக்கு என்றால், ஏன் என்று கேட்காமல் நீக்கிவிடுங்கள்.

பார்ப்பவர் நம்பமாட்டார் என்று நினைப்பது

1992இல் நிகழ்த்துகலைஞர்கள் கோகோ ஃபுஸ்கோவும் கில்லெர்மோ கோமெஸ்-பெஞாவும் யாரும் கண்டறியாத தீவின் பழங்குடியினராகக் கூண்டுக்குள் நின்றார்கள். கிண்டலுக்குச் செய்ததைப் பலர் நிஜமென்றே நம்பிவிட்டார்கள். மதுரைத் தமுக்கம் மைதானத்துப் பக்கம் முகத்தில் சாயம் பூசி அசையாமல் நின்று பாருங்கள்: சிலர் காசு போடுவார்கள், சிலர் கும்பிடுவார்கள். அப்போது என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து ஒத்திகை பாருங்கள்.

நடுவில் பறை, கரகம்

முதலில் கலைஞருக்குச் சம்பளம் பேசுங்கள். அப்புறம் அடையாளம் பற்றிப் பேசலாம்.

விளக்கத் தாள்

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் ஒட்டாதீர்கள். தமிழிலும்தான்.

சித்திரை வெயில்

மத்தியானம் வைகை மணலில் வெறுங்காலோடு நிற்கிற யோசனை வருடம் தவறாமல் யாருக்காவது வருகிறது. கால் கொப்பளித்துவிடும். ஐந்து மணிக்கு மேல் வையுங்கள், பார்க்க ஆளும் அப்போதுதான் வரும்.