பல மொழி லைனுக்கு ஒரு சூப்பர்வைசரைத் தயார் செய்வது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆட்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே லைனில், அதாவது ஒரே மெஷின் வரிசையில், தைக்கிறார்கள். அதற்கு சூப்பர்வைசர் தேடும்போது கை தேர்ந்த டெய்லரையோ, இந்தி தெரிந்தவரையோ பிடித்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம். இரண்டு தகுதியும் நல்லதுதான், போதாது. சூப்பர்வைசராக்க நினைப்பவரிடம் புதிய ஹெல்பர் ஒருவரை ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பீஸ் (தைத்த துணி) தப்பாக வந்ததும் குரலை உயர்த்துகிறாரா, பீஸைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிறாரா? திருப்பிப் பார்ப்பவரை எடுங்கள். எட்டு வாரம் பழக்கினால் தேறிவிடுவார்.

முதல் இரண்டு வாரம் பேச்சு. முப்பது சொல் போதும்: ஊசிக்கு 'சுயி', நூலுக்கு 'தாகா', நிறுத்த 'ருக்கியே', மெதுவாக என்றால் 'தீரே', காட்டச் சொல்ல 'திகாயியே'. ஆளைக் கூப்பிட 'ஆப்' (நீங்கள்) மட்டுமே. 'வாடா போடா'வில் ஊறிய வாய் தானாக 'தூ'வுக்கு (நீ) போகும், அதைத் தடுக்க வேண்டும். 'வடக்கா' என்ற அழைப்பு அன்றே நிற்கட்டும், ஒவ்வொருவர் பெயரும் சரியாக வரட்டும். இன்னொன்று, இந்தி எல்லோருக்கும் வரும் என்று நினைக்காதீர்கள். ஒடிசாவின் உள்கிராமத்துப் பெண்கள் பலருக்கு அது அரைகுறை.

அடுத்த நான்கு வாரம் வேலை சொல்லித்தருவது. பாதிக் குளறுபடி இங்கேதான். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இல்லை என்று சொன்னால் திட்டு விழும் என்ற பயம். அந்தக் கேள்வியையே கைவிட்டு, செய்து காட்டச் சொல்லவேண்டும்.

டி-ஷர்ட்டுக்குக் கழுத்து ரிப் வைப்பதை எடுத்துக்கொள்வோம். ரிப் என்பது கழுத்தில் வரும் இழுபடும் பட்டி, கழுத்துச் சுற்றளவைவிடச் சின்னது. இழுத்துத்தான் தைக்க வேண்டும். ரிப்பையும் கழுத்தையும் நான்காகப் பிரித்து அடையாளம் வைத்து, கால் பாகத்துக்குக் கால் பாகம் ஒரே அளவு இழுக்காவிட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும், பண்டலே ஆல்ட்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க, போகும். சூப்பர்வைசர் ஒரு பீஸை மெதுவாகத் தைத்துக் காட்டட்டும். இரண்டாவதை அடையாளங்களை விரலால் தொட்டுத் தொட்டுத் தைக்கட்டும். பிறகு தொழிலாளி மூன்று பீஸ் தைத்து, எங்கே இழுத்தேன் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். பத்தாவது பீஸில், ஒரு மணி நேரம் கழித்து, மாலையில் என மூன்று முறை போய்ப் பார்க்கட்டும். புதிதல்ல, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்கிய முறைதான். நல்ல பீஸ் ஒன்றையும், தப்பான இடத்தில் சிவப்பு நூல் கட்டிய பீஸ் ஒன்றையும் லைனிலேயே தொங்கவிடுங்கள். அதற்கு மொழி தேவையில்லை.

ஆட்களைக் கூட்டிவந்த ஏஜென்டையே மொழிபெயர்க்க வைத்துக்கொள்வது பெரிய ஆபத்து. நாளடைவில் அவர்தான் முதலாளி, சூப்பர்வைசர் பொம்மை. மொழிபெயர்க்க இரண்டு மூன்று பேரை மாற்றி மாற்றிப் பயன்படுத்த சூப்பர்வைசரைப் பழக்குங்கள். சம்பளம், லீவு, பிடித்தம் பற்றிய பேச்சு ஏஜென்ட் வழியாகப் போகவே கூடாது.

ஏழாவது வாரம் நாட்காட்டி. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை. பீகார்க்காரருக்கு அதுதான் பெரிய பண்டிகை. மார்ச்சில் ஹோலி, ஜூன் நடுவில் ஒடியாக்களின் ரஜ, ஏப்ரல் நடுவில் அசாமியரின் பிகு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 70 நாளுக்கு முன்பே யார் போகிறார், எப்போது திரும்புகிறார் என்று சூப்பர்வைசர் கேட்டு எழுதிவிட்டால் லைன் திடீரென்று காலியாகாது. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தாக்குவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. அப்படி ஒரு நாளில் அறைக்குப் போய், தெரிந்த முகமாக உட்கார்ந்து பேசும் ஆள் சூப்பர்வைசர்தான்.

எட்டாவது வாரம் ஒரே சோதனை. 'தப்பாயிடுச்சு' என்று தானாக வந்து சொன்னவர்களை அவர் நோட்டில் எண்ணி எழுதட்டும். வாரம் முழுக்கப் பூஜ்யம் என்றால் லைன் நன்றாக ஓடுகிறது என்று மகிழாதீர்கள். ஆல்ட்டர் பீஸை எண்ணிப் பாருங்கள். அங்கே குவிந்திருந்தால் ஆட்கள் பயந்து தப்பை மறைக்கிறார்கள், லைனை இன்னும் அவர் கையில் கொடுக்க வேண்டாம்.