ஐம்பதுக்கு மேல் ஓடத் தொடங்குகிறீர்களா? கூச்சம் செய்யவைக்கும் தவறுகள்

"என்ன அங்கிள், மராத்தானா?" என்று லிஃப்டில் யாராவது கேட்டுவிட்டால் போதும், ஐம்பதைத் தாண்டியவரின் புதுக் காலணி மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும். துணிந்து இறங்குகிறவர்களும் அந்தக் கூச்சத்தோடுதான் ஓடுகிறார்கள். தொடக்கத்தில் நடக்கும் தவறுகளில் பல அதனால் வருபவை.

முதலாவது, ஆளைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுவது. பூங்கா இணைப்புப் பாதையில் எதிரே இளைஞர் கூட்டம் வந்தால் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பறக்கிறோம். அவர்கள் தாண்டியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநார்களுக்கு மாதக்கணக்கில் ஆகும், வயதானால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதனால்தான் 'நன்றாகத்தானே ஓடினேன்' என்று நினைக்கும்போதே குதிகால் வலிக்கத் தொடங்குகிறது. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும்.

இதோடு ஒட்டியது, நடுவில் நடப்பதை அவமானமாக நினைப்பது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். களைத்த பிறகு நடப்பதைவிட, களைக்கும் முன்பே நடப்பது நல்லது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே பல ஆண்டுகளாகப் பரப்பிய முறை இது. ஒலிம்பிக் வீரரே நடக்கச் சொல்லும்போது நமக்கு என்ன?

அடுத்தது ஒளிந்துகொள்வது. தொப்பை தெரியக்கூடாதென்று சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் தடித்த ஜாக்கெட் போட்டால் வியர்வை ஆவியாகாது, உடம்பு சூடேறித் தலை சுற்றும். சுடிதாரோ தொளதொள டீ-ஷர்ட்டோ, துணி மெலிதாக இருந்தால் சரி. யாரும் பார்க்காத இருட்டில் ஓடுவோம் என்பவர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடியும், இணைப்புப் பாதையில் சைக்கிள்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வரலாம். கறுப்பு உடையில் போனால் அவர்கள் கண்ணுக்கும் தெரிய மாட்டீர்கள்.

இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, நெஞ்சுவலி இருந்தும் 'இந்த வயதில் ஓட்டமா' என்று டாக்டர் சிரிப்பாரோ என மறைப்பது அதைவிட மோசம். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்து உடல்நலம் பேணும் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேரலாம். அங்கே உங்கள் குடும்ப மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், 'கொஞ்சம் தேறியதும் கூட்டத்தோடு சேர்கிறேன்' என்று தள்ளிப்போடுவது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் பார்க்ரன் என்ற வாராந்தரக் கூட்டு ஓட்டம் 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, முழுக்க நடந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். கடைசி ஆளாக வருவதற்கென்றே ஒரு தொண்டூழியர் இருப்பார், அதனால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது. இணையத்தில் ஒருமுறை பதிவுசெய்து பார்கோடு எடுத்துச் செல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் நேரம் பதிவாகாது. நேரம் வெளியே தெரியவே வேண்டாம் என்பவர்கள் பார்கோடை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.